செவ்வாயிலிருந்து வந்த கல்

வானத்தினின்று கல் விழும் என்று ஒருவர் கூறினால், அதனைக் கேட்போர் நகைப்பர். ‘மழை விழும், ஆலங்கட்டி விழும், கல் எங்ஙனம் விழும்?’ என்று வினவுவர். இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய நாட்டு அறிஞருள்ளும் பலர் இவ்வாறே நகைத்தனர். 1803ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சு நாட்டில் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் ஒருங்கே வீழ்ந்தன. பீயோ என்னும் அறிஞர் ஊர்தோறும் சென்று, கண்டவரை வினவி, கற்களை ஒப்புநோக்கி, அவை வானினின்றே வீழ்ந்தவை என்று நிலைநாட்டினார். அதன்பின் நகைப்பு அடங்கிற்று, ஆராய்ச்சி தொடங்கிற்று.

இரவில் வானத்தில் ஒளிக்கோடு இழுத்து மறையும் எரிமீனை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பழந்தமிழில் அதற்கு விண்வீழ்கொள்ளி என்ற பெயரும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மணல் அளவினவாய துகள்களே. அவை காற்றுடன் உராய்ந்து நடுவானிலேயே எரிந்துபோகின்றன. சற்றுப் பெரியவை மட்டும் எரிந்தது போக எஞ்சிய உடலோடு தரையை அடைகின்றன. அவ்வாறு தரையை அடைந்ததையே நாம் விண்கல் என்கிறோம்.

விண்கற்கள் நம் தமிழ்நாட்டிற்கும் புதியன அல்ல. 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பழைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் பட்டப்பகலில் வீழ்ந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோகிராம் எடை. அவை ‘பர்னல்லி’ என்னும் பெயரால் உலக அறிவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. 1898ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலையில் இரும்பாலாகிய விண்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பெரியகுளத்தை அடுத்து, வராக நதி பாயும் ஜெயமங்கலத்தில் நின்று வடக்கே நோக்கினால் வானை மறைத்து நிற்கும் மலைத்தொடர் அதுவேயாகும். நம் கண்ணெதிரே நாள்தோறும் நிற்கும் மலையும் விண்ணுலகப் பொருளொன்றைத் தன் மடியில் ஏந்தியிருந்தது என்பது வியப்பன்றோ?

எனினும் இவை யாவும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றித் திரியும் சிறுகோள்களின் சிதறல்களாகவே கருதப்படுகின்றன. இப்பாடத்தில் நாம் காணப்போவது அவற்றினும் அரியதொரு கல்லைப் பற்றி. அது நம் இந்திய நாட்டில் வீழ்ந்தது. தான் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவருக்கும் சொல்லாமல் காத்து, பின்னர்ச் சொல்லிற்று.

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் காலை ஒன்பது மணியளவில், பீகாரில் கயை நகரை அடுத்த ஷெர்காட்டி என்னும் ஊர்ப்பக்கத்தில் பேரோசையுடன் ஒரு கல் வீழ்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். அதனை எவரும் உடைத்தெறியவில்லை, மறைத்து வைக்கவுமில்லை. அது கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டது. அதன் பெரும்பகுதி கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்பில் வைக்கப்பெற்றது. சிறு துண்டுகள் சில லண்டன், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்றன. அன்று அதனைப் போற்றி வைத்தவர்களுக்கு அதன் பெருமை தெரியாது. தெரியாதிருந்தும் போற்றி வைத்தனர். அச்செயலின் பயனை இனிக் காண்போம்.

ஒரு கல்லை அறிஞர் எவ்வாறு ஆராய்கின்றனர்? கல்லின் ஒரு சிறு துண்டை அறுத்துத் தேய்ப்பர். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறளவே தடிப்பு எஞ்சும்வரை தேய்ப்பர். அந்நிலையில் கருங்கல்லும் கண்ணாடிபோல் ஒளியைத் தன்னூடே செல்லவிடும். அதனை ஒரு தனிவகை நுண்பெருக்கியின்கீழ் வைத்து, ஒளியை ஒரே திசையில் அதிரச் செய்து பார்த்தால், ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு நிறம் காட்டும். பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னின் மாற்றறிவதுபோல, நிலநூல் வல்லார் அந்நிறங்களைக் கொண்டு கனிமத்தின் பெயரறிவர்.

இங்ஙனம் ஆராய்ந்தபோது, ஷெர்காட்டிக் கல்லில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு பைராக்சீன் என்னும் கனிமம் இருப்பது தெரிந்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றோடு கூடி உண்டாவது அது. இக்கனிமம் நமக்கு அயலானதன்று. பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னக்கைட்டு என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கு என்பவரின் கல்லறைக்கல் அவ்வினத்தது ஆதலின் அப்பாறைக்கு அப்பெயர் வந்தது. அப்பாறையிலும் பைராக்சீன் குடும்பத்தைச் சேர்ந்த கனிமம் உண்டு. ஆகவே மலையிலிருந்து இழிந்துவரும் ஓடையில் கிடக்கும் கருநிறக் கல்லுக்கும், வானிலிருந்து வந்த ஷெர்காட்டிக் கல்லுக்கும் ஒருவகை உறவு உண்டு எனலாம். ஆனால் நம் மலைக்கல் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருவாகியது. அதில் குவார்ட்சு என்னும் வெண்கனிமம் மிகுதி. ஷெர்காட்டிக் கல்லோ எரிமலைக் குழம்பு இறுகி ஆகியது. மராட்டிய நாட்டில் பரந்து கிடக்கும் தக்காணத்து எரிமலைப் பாறைக்கு ஒப்பானது.

ஷெர்காட்டிக் கல்லில் எஞ்சியதன் பெரும்பகுதி ஒரு விந்தைப் பொருள். அது பார்வைக்குப் படிகம். ஒளியியல் இயல்பில் கண்ணாடி. படிகத்தின் புறவடிவம் அப்படியே இருக்க, அகத்தே அணுக்களின் ஒழுங்கு முற்றிலும் குலைந்திருந்தது. 1872ஆம் ஆண்டில் வியன்னா நகர அறிஞர் செர்மாக்கு இதனைக் கண்டு விளக்கினார். லண்டன் அருங்காட்சியகத்தில் கனிமங்களை ஆராய்ந்துவந்த மாஸ்கெலின் என்பாரின் பெயரால் இதற்கு மாஸ்கெலினைட்டு எனப் பெயரிட்டார். படிகம் உருகாமலே கண்ணாடியானது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை 1963ஆம் ஆண்டில் கிடைத்தது. பெல்ஸ்பார் என்னும் கனிமத்தை வெடிமருந்தின் அதிர்ச்சிக்கு உட்படுத்தியபோது அது மாஸ்கெலினைட்டாக மாறிற்று. எனவே ஷெர்காட்டிக் கல் ஒரு காலத்தில் பேரதிர்ச்சி ஒன்றைத் தாங்கியது என்பது துணியப்பட்டது. அவ்வதிர்ச்சி யாது என்பது பின்னர் விளங்கும்.

ஷெர்காட்டிக்கு உறவினர் இருவர் உளர். ஒன்று, 1815ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பிரான்சு நாட்டில் சாசினி என்னும் சிற்றூரில் வீழ்ந்தது. அது பெரும்பாலும் ஒலிவீன் என்னும் பசுநிறக் கனிமத்தால் ஆகியது. மற்றொன்று, 1911ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் எகிப்து நாட்டில் நக்லா என்னும் ஊரைச் சூழ வீழ்ந்தது. அது ஏறத்தாழ நாற்பது துண்டுகளாய்ச் சிதறி விழுந்தது. அதில் ஒரு துண்டு நாய் ஒன்றைக் கொன்றது என்று ஒரு கதை இன்றும் வழங்கிவருகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. இம்மூன்று கற்களின் பெயர்களே மூன்று வகைகளுக்கும் பெயராயின. இன்று உலகின் எந்த மூலையில் இவ்வினக் கல் கிடைத்தாலும், அது ‘ஷெர்கொட்டைட்டு’ ஆயின் நம் பீகார் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும்.

இனி, இவற்றின் பிறப்பிடத்தை அறிஞர் அறிந்த முறையைக் காண்போம். அது ஒரு நல்ல வழக்காராய்ச்சி போன்றது.

முதற்சான்று வயது. பாறையில் உள்ள சில அணுக்கள் காலப்போக்கில் மாறாத விகிதத்தில் சிதைந்து வேறு அணுக்களாகின்றன. எத்துணை சிதைந்தது, எத்துணை எஞ்சியது என அளந்தால் பாறை இறுகிய காலம் தெரியும். பிற விண்கற்களில் மிகப்பலவும் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் வயதுடையவை. ஞாயிற்றுக் குடும்பம் தோன்றிய காலத்தவை. ஆனால் நக்லாவும் சாசினியும் 130 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இறுகியவை. ஷெர்காட்டியோ இன்னும் இளையது. ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகள் வயதுடையது என்பது பெரும்பாலோர் கருத்து. சிறுகோள்கள் அளவிற் சிறியன ஆதலின் தோன்றிய சில காலத்திலேயே குளிர்ந்துவிட்டன. சிறு கிண்ணத்துக் கஞ்சி விரைவில் ஆறும். பெரிய அண்டாவில் உள்ளது நெடுநேரம் சூடாயிருக்கும். ஆகவே இத்துணைப் பிற்காலத்தும் எரிமலைக் குழம்பு ஓடிய இடம், அளவிற் பெரிய ஒரு கோளாகவே இருத்தல் வேண்டும்.

அக்கோள் எது? பூமியா எனின், அன்று. ஆக்சிஜன் அணுக்கள் எடையால் மூவகைப்படும். பூமியின் பாறைகள் யாவற்றிலும் அம்மூன்றன் விகிதங்களுக்கிடையே ஓர் ஒழுங்கு உண்டு. இக்கற்களில் உள்ள ஒழுங்கு வேறு. நிலவோ எனின், அதுவும் அன்று. 1969 முதல் 1972 வரை அமெரிக்க வானவெளி வீரர் கொணர்ந்த நிலாக் கற்களின் ஆக்சிஜன் ஒழுங்கு பூமியினதை ஒத்தது. வெள்ளியோ எனின், அதன் காற்று மண்டலம் மிக அடர்ந்தது, ஈர்ப்பும் பெரிது, அங்கிருந்து கல் தப்பி வருதல் மிக அரிது. எஞ்சியது செவ்வாய்.

எனினும் இது எஞ்சியதைக் கொண்டு துணிந்த துணிவே; நேர்ச்சான்று அன்று. ‘அருகில் உள்ள நிலவிலிருந்தே ஒரு கல்லும் வந்திலதே, செவ்வாயிலிருந்து வந்தது என்றல் பொருந்துமோ?’ என்று சிலர் தடைவிடுத்தனர். அது நேர்மையான தடையே. 1982ஆம் ஆண்டு ஜனவரியில் தென்துருவப் பனிநிலமாகிய அண்டார்க்டிகாவில் சிறு கல்லொன்று கிடைத்தது. அஃது எல்லா வகையிலும் நிலாக் கல்லை ஒத்திருந்தது. அத்தடை நீங்கிற்று.

நேர்ச்சான்று மறு ஆண்டிலேயே கிடைத்தது. 1979-80ஆம் ஆண்டுப் பயணத்தில் அண்டார்க்டிகாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 8 கிலோகிராம் எடையுள்ள ஒரு கல், ஷெர்காட்டியின் இனத்தது. அதனுள் கருநிறக் கண்ணாடித் துளிகள் இருந்தன. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பொகார்டு, ஜான்சன் ஆகிய இருவரும் அக்கண்ணாடியைச் சூடாக்கி, அதில் அடைபட்டிருந்த வாயுவை வெளிப்படுத்தி அளந்தனர். 1976ஆம் ஆண்டில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் அக்கோளின் காற்றை முன்னரே அளந்து அனுப்பியிருந்தன. இரண்டு அளவுகளும் பொருந்தின. ஆர்கான் என்னும் வாயுவின் ஒரு வகை, மற்றொரு வகையைப்போலப் பூமிக்காற்றில் ஏறத்தாழ 300 மடங்கு உள்ளது; செவ்வாயின் காற்றில் அது அதனினும் பன்மடங்கு மிகுதி. கல்லில் அடைபட்ட வாயுவிலும் அவ்வாறே மிகுந்திருந்தது. வாய் மூடி முத்திரையிட்ட குடத்தைத் திறந்தபோது, குடம் செய்த ஊரின் காற்றே உள்ளிருந்து வந்ததுபோல் ஆயிற்று. பின்னர்க் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி செவ்வாயின் தரையிலிருந்து ஆர்கானை மேலும் நுட்பமாக அளந்தது. 2013ஆம் ஆண்டில் வெளியான அவ்வளவும் இத்துணிவை உறுதி செய்தது.

இனி அவ்வதிர்ச்சியின் காரணம் எளிதில் விளங்கும். செவ்வாயின்மீது பெரிய சிறுகோள் ஒன்று மோதியபோது, மோதிய இடத்தை அடுத்திருந்த பாறைகள் சிதறி மேலெழுந்தன. பூமியின் ஈர்ப்பைக் கடக்க நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் வேண்டும். செவ்வாய்க்கு 5 கிலோமீட்டரே போதும். அவ்வேகம் பெற்றவை வான்வெளியை அடைந்தன. மோதிய அதிர்ச்சியில் பெல்ஸ்பார் மாஸ்கெலினைட்டாயிற்று. கண்ணாடித் துளிகளில் செவ்வாய்க் காற்றும் சிறைப்பட்டது. அதன்பின் அக்கற்கள் ஞாயிற்றைச் சுற்றித் திரிந்தன. வான்வெளிக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் மாறுதலை அளந்து அந்நெடும்பயணத்தின் காலத்தையும் கணித்துள்ளனர். நக்லா ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் ஆண்டுகளும், ஷெர்காட்டி ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகளும் அலைந்தபின் பூமியை அடைந்தன.

இக்கற்களால் நாம் பெற்ற அறிவு யாது? செவ்வாயில் நீர் இருந்தது என்பதற்கு நக்லாவே சான்று கூறுகிறது. அதன் வெடிப்புகளில் களிமண்ணை ஒத்த பொருள் படிந்துள்ளது. அது நீர் ஊடுருவியதால் ஆகியது. கல் விழுந்தபோது காற்றுராய்வால் உருகிய மேற்பூச்சு அப்படிவை வெட்டிச் செல்கிறது. ஆகவே அப்படிவு எகிப்தின் ஈரத்தால் வந்ததன்று. முன்னரே கல்லுடன் வந்தது. மற்றொரு கல், சகாராப் பாலைவனத்தில் கிடைத்துக் ‘கருப்பழகி’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது. அதில் 440 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிர்க்கான் மணிகள் உள்ளன. நீரின் கூறும் பிற செவ்வாய்க் கற்களினும் ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி.

ஒரு கல் பெரும்பூசலையும் விளைத்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் அண்டார்க்டிகாவில் ஆலன் குன்றுகள் என்னும் இடத்தில் எடுக்கப்பட்டது அது. எடை 2 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. வயது ஏறத்தாழ 409 கோடி ஆண்டுகள். 1996ஆம் ஆண்டில் மக்கே என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும், அக்கல்லில் பழங்கால நுண்ணுயிர்களின் சுவடுகள் இருக்கலாம் என்று அறிவித்தனர். உலகமே வியந்தது, அமெரிக்கக் குடியரசுத் தலைவரே அதுபற்றிப் பேசினார். ஆனால் பிற அறிஞர் அச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். உயிரின் துணையின்றியே அவை யாவும் தோன்றக்கூடும் என்று காட்டினர். இன்று அறிஞருட் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்பதில்லை. ஆயினும் அவ்வாராய்ச்சி வீணாயிற்று என்று எண்ணற்க. உயிரின் சுவடு என்று எதனைக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்னும் தெளிவு அப்பூசலாலேயே பிறந்தது.

நம் நாட்டினரும் செவ்வாயை நோக்கிச் சென்றனர். 2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2022ஆம் ஆண்டு அதனோடு தொடர்பு அறும்வரை பணிபுரிந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்சு என்னும் அமெரிக்க ஊர்தியிலோ ஓர் அழகிய செய்தி உண்டு. ஓமான் நாட்டில் கிடைத்த செவ்வாய்க் கல்லின் சிறு துண்டு அதில் வைக்கப்பட்டிருந்தது. கருவி சரியாக இயங்குகிறதா என்று ஒப்புநோக்குதற்பொருட்டு அதனை வைத்தனர். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிறந்தகம் விட்டுப் பிரிந்த கல் மீண்டும் பிறந்தகம் புகுந்தது.

இன்றளவும் மனிதர் செவ்வாய்க்குச் சென்று ஒரு பிடி மண்ணும் கொண்டுவந்ததில்லை. அக்கோளின் பாறை என நம் கையில் இருப்பவை இவ்விண்கற்களே. அறியப்பட்ட விண்கற்கள் 70,000க்கு மேல். அவற்றுள் செவ்வாய்க்குரியவை ஏறத்தாழ 400 துண்டுகளே. ஆதலின் இவற்றின் விலையும் ஏறிவிட்டது. 2023ஆம் ஆண்டில் நைஜர் நாட்டில் கிடைத்த 24 கிலோகிராமுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல் ஒன்று, 2025ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஏலத்தில் 50 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. செல்வர் ஒருவரின் பேழைக்குள் புகும் கல்லை அறிஞர் மீண்டும் காண்பது அரிது. காணாத கல் பேசாது.

மாணவர்களே, வானிலிருந்து கல் வீழ்ந்ததாகக் கேட்பின், அல்லது ஐயத்திற்குரிய கல்லொன்றைக் காணின், நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. விண்கல்லின் புறத்தே மெல்லிய கருநிறப் பூச்சு இருக்கும். அளவிற்கு மிஞ்சிய எடை பலவற்றிற்கு உண்டு. காந்தத்தைப் பலவும் இழுக்கும். ஆயினும் செவ்வாய்க் கற்களில் காந்தத்தன்மை மிகக் குறைவு. ஆதலின் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. இடத்தையும் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். உடைத்துப் பார்க்க முயலாதீர்கள், நீரில் கழுவாதீர்கள், பூசைப்பொருளாக்கி எண்ணெயும் மஞ்சளும் பூசாதீர்கள். ஏனெனில் கல் கூறவேண்டிய செய்தி அதனால் அழியும். வருவாய்த்துறை அலுவலர்க்குத் தெரிவியுங்கள். நம் நாட்டில் வீழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தினது; அவர்கள் வழியாக அது அந்நிறுவனத்தைச் சென்றடையும்.

1865ஆம் ஆண்டில் ஷெர்காட்டிக் கல்லை எவரேனும் அம்மிக்கல்லாக்கியிருந்தால், அல்லது கிணற்றிலிட்டிருந்தால், செவ்வாய் நம் நாட்டிற்கு அனுப்பிய தூதை நாம் படித்திருக்கவே மாட்டோம். அதனைக் காத்தவர் ஒருவர். அதன் கனிமத்தைக் கண்டவர் மற்றொருவர். அதன் இனத்தின் வயதை அளந்தவர் வேறொருவர். அடைபட்ட காற்றைத் திறந்து காட்டியவர் பின்வந்தவர். நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் பலர் ஒருவர்பின் ஒருவராய்ச் செய்த பணி அது. கண்டதும் நம்பாமலும், கேட்டதும் இகழாமலும், சான்று வரும்வரை பொறுத்திருந்து ஆராய்தலே அறிவுடையார் நெறி. அந்நெறி நிற்பார்க்கு ஊமைக் கல்லும் வாய்திறந்து உண்மை உரைக்கும்.